மாடிப்படிக்குக் கீழே இருந்த பை

15 ஜனவரி 2019, செவ்வாய்

தைப்பொங்கல். விடிய ஐந்து மணிக்கே எழும்பி, குசினியில் காஸ் அடுப்பை மூட்டிச் சின்னச் சட்டியில் பொங்கினேன். லண்டனில் இந்த மாதத்தில் சூரியன் எட்டு மணிக்குத்தான் வரும். அதற்குள் நான் வேலைக்குப் போய்விட வேண்டும். சூரியன் இல்லாத திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போய் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்தேன்.

பதினொரு மணிக்குப் போனைத் திறந்தால் குடும்பக் குழுவில் பன்னிரண்டு படம். தங்கச்சி சுகிர்தா தன் வீட்டுப் பின்வளவில் கோலம் போட்டு, கரும்பு கட்டி, பித்தளைப் பானையில் பொங்கியிருக்கிறாள். இந்தக் குளிரில் கரும்புக்கு எங்கே போனாளோ! பட்டுச்சேலைக்கு மேலே ஒரு குளிர்ச்சட்டைகூடப் போடவில்லை, படத்தில் சேலை வடிவாகத் தெரிய வேண்டுமென்று. கனடா மச்சாள்மார் எல்லாரும் கைதட்டு அனுப்பியிருந்தார்கள். நானும் அனுப்பினேன். ஒன்றே ஒன்று.

பின்னேரம் அவள் வீட்டில் சாப்பாடு. ரீவியில் பாராளுமன்றம். இந்த நாடு ஐரோப்பாவை விட்டு வெளியே போக வேண்டுமென்று சனம் வோட்டுப் போட்டு இரண்டரை வருடமாகிறது. எப்படிப் போவதென்றுதான் இன்னும் ஒருவருக்கும் தெரியாது. பிரதமர் கொண்டுவந்த ஒப்பந்தம் இன்று இருநூற்று முப்பது வோட்டால் தோற்றது. என் புருஷன் கதிரையை விட்டு எழும்பிச் சிரித்தார். சுகிர்தாவின் புருஷன் கேதீஸ் சிரிக்கவில்லை. அவர்கள் நாலு பேரும் ஹொலண்ட் பாஸ்போட். வெளியே போனால் அவர்கள் கதை என்ன ஆகுமோ தெரியாது.

"நல்லகாலம், எங்களுக்கும் சேர்த்து அக்கா வோட்டுப் போட்டவ" என்று சுகிர்தா என் கோப்பையில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தாள்.

நான் பொங்கலுக்குள் முந்திரிகை வத்தலைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் பொங்கல் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. சர்க்கரை கொஞ்சம் கூட.

3 பெப்ரவரி, ஞாயிறு

வீடு கூட்டினேன். உடுப்புத் தோய்த்தேன். இவர் படுத்திருந்து ரேடியோ கேட்டார்.

பொறாமை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. எனக்கு என்ன பொறாமை? கணக்கை நேராகச் சொல்கிறேன். நான் 91ஆம் ஆண்டு ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் மொஸ்கோ, பிராக் என்று பனிக்குள் அலைந்து இங்கே வந்து விழுந்தவள். நிரந்தர விசா கையில் கிடைத்தது 2004இல். பதின்மூன்று வருடம். "தற்காலிகம்" என்ற சொல்லோடு பதின்மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். சுகிர்தா எனக்குப் பிறகு ஹொலண்டுக்குப் போனாள். ஆறு வருடத்தில் பாஸ்போட். 2013இல் ஒருநாள் புருஷனையும் இரண்டு பெட்டைப்பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, ஒரு சட்டி புளிச்சாதத்தோடு கப்பலேறி வந்து என் வாசலில் இறங்கினாள். ஒரு ஆபீசரும் அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை!

மூன்று வருடம் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். இரண்டு குடும்பத்துக்கும் அவள்தான் சமைத்தாள், அதையும் எழுதத்தானே வேண்டும். பிறகு பின்னர் என்கிற ஊரில் நாலு அறை வீடு வாங்கிக்கொண்டு போனாள். எங்களுக்கு இன்னும் இதே இரண்டரை அறை.

அப்பா 2003 ஏப்ரலில் செத்தார். எனக்கு விசா கிடைக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. போகமுடியவில்லை. சுகிர்தா போனாள். செத்தவீட்டு வீடியோவைக் கசெட்டில் எனக்கு அனுப்பினார்கள். எத்தனையோ தரம் போட்டுப் பார்த்திருக்கிறேன். சத்தம் ஒன்றும் கேட்காது, வீடியோக்காரன் முழுக்க முழுக்கச் சோகவாத்தியம் ஏற்றிவைத்திருந்தான். அதில் ஒரு இடம் வரும். பெண்கள் எல்லாரும் வரிசையில் வந்து அப்பாவுக்கு வாய்க்கரிசி போடுவார்கள். ஆளுக்கு ஒருதரம். சுகிர்தா மட்டும் போட்டுவிட்டு இரண்டடி போய், திரும்பி வந்து, இன்னொருதரம் அள்ளிப் போடுவாள். வாயை அசைத்து ஏதோ சொல்லுவாள். முகம் நேரே கமராவுக்கு.

செத்த தகப்பனுக்குப் பக்கத்திலும் படத்துக்கு நிற்கிறவள்!

26 பெப்ரவரி, செவ்வாய்

சுகிர்தாவின் மூத்தவள் ஆரணிக்கு மெடிசின் படிக்க இடம் கிடைத்துவிட்டதாம். சந்தோசம்.

27 பெப்ரவரி, புதன்

என் மகன் வினுஜன் போன் கடையில் நிற்கிறான். நல்ல வேலைதான். நேற்றுச் சந்தோசம் என்று எழுதினேன், எழுதினது இருக்கட்டும்.

12 மார்ச், செவ்வாய்

ஒப்பந்தம் திரும்பவும் தோற்றது. பள்ளிக்கூடச் சமையலறையிலும் இரண்டு கட்சி. போலந்துக்காரியும் வெள்ளைக்காரி மொறீனும் கதைப்பதில்லை. கரண்டி வேண்டுமென்றால் ஒருத்தி என்னிடம் கேட்கிறாள், நான் மற்றவளிடம் வாங்கிக் கொடுக்கிறேன்.

பின்னேரம் சுகிர்தா வந்தாள். ஐரோப்பியக்காரர் எல்லாரும் இங்கே இருப்பதற்கு இனி விண்ணப்பிக்க வேண்டுமாம். ஐந்து வருடம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி காட்டினால் நிரந்தரம். காட்டாவிட்டால் தற்காலிகம். கேதீசுக்குச் சம்பளத்துண்டு இருக்கிறது. பெட்டைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. இவளுக்குத்தான் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் கரண்ட் பில், தண்ணிப் பில் எல்லாம் இவர் பேரில். வாடகை ஒப்பந்தமா? சொந்தத் தங்கச்சியோடு ஒப்பந்தம் எழுதுகிற சனமா நாங்கள்? சமைத்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். அதற்குத் துண்டு யார் கொடுப்பது?

"அக்கா, டொக்டரிட்ட இருந்து, ஆஸ்பத்திரியில இருந்து, கவுன்சிலில இருந்து என்ர பேருக்கு இஞ்ச கடிதம் வந்ததெல்லே. நான் போனாப் பிறகும் வந்ததெண்டு சொன்னனீங்கள். ஒரு பையில போட்டு வைச்சிருந்தனீங்கள்."

"எறிஞ்சிட்டன் போலதான் கிடக்கு. எத்தினை வருசக் குப்பை" என்றேன்.

அவள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவிவைத்துவிட்டுப் போனாள்.

பை மாடிப்படிக்குக் கீழே, அலுமாரிக்குள், வக்கியூம் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது. நீலப் பை. அவள் போனபிறகு பார்த்தேன். எறிந்திருக்கலாம் என்றுதான் நினைத்துச் சொன்னேன். பிறகுதான் பார்த்தேன். அதுதான் நடந்தது.

23 மார்ச், சனி

வெளியே போகவேண்டாம் என்று நகரத்தில் பெரிய ஊர்வலம். சுகிர்தா போயிருக்கிறாள். முகத்தில் ஐரோப்பாக் கொடியின் நீலமும் மஞ்சளும் பூசிக்கொண்டு ஒரு படம். ஊரில் கறுப்புக்கொடி பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தவள் நான். அன்றைக்கு இவள் சோதனைக்குப் படிக்கிறேன் என்று வீட்டுக்குள் இருந்தாள். எனக்கு ஒரு படமும் யாரும் எடுக்கவில்லை.

27 மார்ச், புதன்

எட்டு வழி வைத்து, எது வேண்டுமென்று எம்பிமாரைக் கேட்டார்களாம். எட்டுக்கும் வேண்டாம் என்றார்கள். இவர் சபாநாயகர் மாதிரி "ஓடர்! ஓடர்!" என்று கத்திக்கொண்டே சாப்பிட்டார்.

"உதென்ன, வக்கியூம் எடுக்கப்போனால் ஒரு பை விழுது. என்ன பை அது?" என்று கேட்டார்.

"பழைய உடுப்பு" என்றேன். இப்போது அதை வேலைக்குக் கொண்டுபோகும் பெரிய பைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

29 மார்ச், வெள்ளி

இன்றைக்குத்தான் நாடு வெளியே போயிருக்க வேண்டிய நாள். மூன்றாம் தரமும் தோற்றது. போகவில்லை. இருக்கவுமில்லை.

வோட்டுப் போட்ட நாளை யோசித்துக்கொண்டிருந்தேன். 2016, ஜூன் 23. என்ன மழை! எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போட், எனக்கு வோட்டு இருந்தது. சுகிர்தாவுக்கு இல்லை. அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள். "நானும் வாறன் அக்கா" என்று குடையை எடுத்துக்கொண்டு வந்தாள். தேவாலய மண்டபம் வரைக்கும் ஒரே குடைக்குள் போனோம். உள்ளே வர அவளுக்கு உரிமை இல்லை. வாசலில் நின்றுகொண்டு, "என்ர வோட்டும் உங்கட கையிலதான்" என்றாள்.

அதற்கு முதல்நாள்தான் பின்னரில் பார்த்த வீடு சரிவந்துவிட்டதென்று சொல்லியிருந்தாள். வீட்டின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள். பின்வளவு, அப்பிள் மரம், பெட்டைகளுக்குத் தனித்தனி அறை. வந்து மூன்று வருடத்தில்!

பென்சில் என் கையில் இருந்தது. அவ்வளவுதான் எழுதுவேன்.

3 ஏப்ரல், புதன்

சுகிர்தா போன். அழுகிறாள். முதலில் தன்னுடைய ஐபோனில் விண்ணப்பிக்க ஏலாதென்று கேதீசின் சம்சுங்கில் நாலு பேருக்கும் போட்டார்களாம். கேதீசுக்கும் பெட்டைகளுக்கும் இரண்டே நாளில் நிரந்தரம். இவளுக்கு ஆபீசில் இருந்து போன் எடுத்து, 2014இலிருந்து 16 வரைக்கும் அத்தாட்சி கேட்கிறார்களாம். வருகிற புதன், பத்தாம் திகதிக்குள். இல்லாவிட்டால் தற்காலிகம்.

"வீட்டில மூண்டு பேருக்கு நிரந்தரம், எனக்கு மட்டும் தற்காலிகம். நாளைக்குச் சட்டத்தை மாத்தினாங்கள் எண்டால்? பெட்டையள விட்டிட்டு நான் எங்க அக்கா போறது? உங்களுக்குத்தான் தெரியும் அந்தப் பயம். வேற ஆருக்குச் சொல்ல?"

"பயப்பிடாத. ஒண்டும் செய்யமாட்டாங்கள்" என்றேன்.

"ஒருக்காத் தேடிப்பாருங்கோ அக்கா. அலுமாரி, மேல் தட்டு..."

"பாக்கிறன்."

போனை வைத்தபிறகு கோழிக்கறி வைத்தேன். நன்றாக வந்தது. உண்மையை எழுதத்தானே இந்தக் கொப்பி வாங்கினது, எழுதுகிறேன்: அவள் அழுதபோது எனக்குள் ஏதோ ஒன்று வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது. கொஞ்சநாள் அவளும் பார்க்கட்டுமே. பதின்மூன்று வருடமா கேட்கிறேன்? கொஞ்சநாள்.

7 ஏப்ரல், ஞாயிறு

அப்பாவின் திதி. சுகிர்தா வீட்டில் படையல். பதினொரு கறி. நான் கத்தரிக்காய்ப் பால்கறி மட்டும் கொண்டுபோனேன்.

சாப்பிட்டு முடிய, கேதீஸ் பழைய வீடியோக் கசெட்டைக் கடையில் கொடுத்து மாற்றி எடுத்திருக்கிறேன் என்று அந்தப் பெரிய ரீவியில் போட்டார். எங்கள் வீட்டு ரீவியில் விரற்கடை அளவு தெரிந்த அப்பா, இங்கே ஆளுயரத்துக்குப் படுத்திருந்தார். அதே சோகவாத்தியம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த இடம் வரப்போகிறதென்று எனக்குத் தெரியும்.

வந்தது. சுகிர்தா அரிசி போட்டாள். போனாள். திரும்பி வந்தாள்.

ஆரணிதான் கேட்டாள். "அம்மா, எல்லாரும் ஒருக்காத்தானே போடினம்? நீங்கள் ஏன் ரெண்டு தரம்?"

சுகிர்தா வாழையிலை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை. "மற்றது பெரியம்மாவுக்கு. அவவுக்கு அப்ப விசா இல்லை, வர ஏலாது. 'இது அக்காவுக்கு, அப்பா' எண்டு சொல்லிப் போட்டனான். பெரியம்மாவுக்கு வடிவாத் தெரியட்டும் எண்டுதான் கமராப் பக்கம் திரும்பி நிண்டனான்." பிறகு என்னைப் பார்த்தாள். "வீடியோவில பாத்திருப்பியள்தானே அக்கா?"

"ஓம், பாத்தனான்" என்றேன்.

பதினாறு வருடம் பார்த்திருக்கிறேன்.

கைகழுவுகிற சாட்டில் எழும்பிப்போய்க் குளியலறையில் தண்ணியைத் திறந்துவிட்டுக்கொண்டு இருந்தேன். கதவைத் தட்டி, "அக்கா, சுகமில்லையோ?" என்று கேட்டதும் அவள்தான்.

8 ஏப்ரல், திங்கள்

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டது. காலமை பையை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் கொட்டினேன். நாற்பத்தொரு கடிதம். டொக்டரின் கடிதம், கண் ஆஸ்பத்திரிக் கடிதம், பல்லு, கவுன்சில், நூலகம். எல்லாவற்றிலும் என் வீட்டு விலாசம், அவள் பேர், திகதி. திகதிப்படி அடுக்கி றப்பர்பாண்ட் போட்டேன். இவர் வந்து பார்த்தார். பழைய உடுப்பா என்று கேட்கவில்லை. காரை எடுக்கட்டோ என்று மட்டும் கேட்டார். வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்றேன்.

கதவைத் திறந்ததும் பையைக் கொடுத்தேன். மாபிள் போட்ட குசினி மேசையில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகம் மலர்ந்து வந்தது.

"கண்டுபிடிச்சிட்டியள்! எங்க இருந்தது?"

ஓமென்று சொல்லியிருக்கலாம். கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருந்தால் எனக்குத் தேத்தண்ணியும் கேக்கும் கிடைத்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது.

"அலுமாரியில. எப்பவும் அங்கதான் இருந்தது."

"நான் மார்ச்சில கேக்கேக்க?"

"அப்பவும்."

"போன கிழமை நான் அழேக்க?"

"அப்பவும்."

அவள் கடிதக்கட்டை மேசையில் வைத்தாள். நான் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன்: "இன்னொண்டும் இருக்கு. அந்த மழையண்டு நான் வெளியில போற பக்கம்தான் புள்ளடி போட்டனான். உன்ர வீட்டுப் படம் பாத்த எரிச்சலில."

அடிப்பாள், கத்துவாள் என்று நினைத்தேன். சின்ன வயதில் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறவள்தான். அவள் கடிதக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடையை உங்கட பக்கம் சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு வந்தனான் அக்கா" என்றாள். "எனக்கு ஒரு பக்கம் முழுக்க நனைஞ்சுபோச்சு."

பிறகு, "இப்ப போங்கோ" என்றாள்.

பஸ்ஸில் இடம் இருந்தது. நான் இருக்கவில்லை.

10 ஏப்ரல், புதன்

நாட்டுக்கு ஒக்டோபர் வரைக்கும் தவணை கொடுத்துவிட்டார்களாம். சுகிர்தா போன் எடுக்கவில்லை. கடிதங்களை அனுப்பினாளோ தெரியாது. நானும் எடுக்கவில்லை. எந்த வாயோடு எடுக்கிறது?

18 ஏப்ரல், வியாழன்

ஆரணி போனில் எழுதியிருந்தாள்: "பெரியம்மா, அம்மாவுக்குக் கிடைச்சிட்டுது. நிரந்தரம்." கீழே ஒரு சிரிப்பு முகம். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது போல. சுகிர்தா சொல்லவில்லை.

நான் என் நிரந்தர விசாவை வாங்கிக்கொண்டு வந்த நாளில் யாருக்கு முதல் போன் எடுத்தேன்? ஹொலண்டுக்குத்தான். அவள் அந்தப் பக்கத்தில் கத்தின கத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். இத்தனை நாளும் அது ஞாபகம் வரவேயில்லை.

5 மே, ஞாயிறு

குடும்பக் குழுவில் சுகிர்தாவின் அப்பிள் மரம் பூத்த படம். நல்ல பூ. மரம் என்னவோ கொஞ்சம் கோணல்தான்.

23 மே, வியாழன்

வெளியே போகிற நாடு போகாததால் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கும் தேர்தல் வைக்கவேண்டி வந்துவிட்டது. பகிடியான நாடு. இந்தத் தேர்தலில் ஹொலண்ட் பாஸ்போட்காரருக்கும் வோட்டு உண்டு. வேலை முடிந்து வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. சுகிர்தா. ஆறு கிழமைக்குப் பிறகு.

"அக்கா, போட்டாச்சோ?"

"இல்லை. இனித்தான்."

"என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்கள். ஒரு படிவம் நிரப்பி முதலே அனுப்பியிருக்கவேணுமாம். நான் அனுப்பேல்ல. அந்த நேரம் மற்ற விண்ணப்பத்தோடயே தலை சுத்திக்கொண்டு திரிஞ்சனான்." பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம். "அப்ப, நீங்கள் போங்கோ."

"எதுக்குப் போட?"

"அண்டைக்கு நான் உங்களுக்குச் சொன்னனானோ?" என்றாள். வைத்துவிட்டாள்.

கீரையை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். மழை இல்லை, நல்ல வெயில். அதே தேவாலய மண்டபம், அதே வாசல். இந்தமுறை வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. கைப்பையில் குடை இருந்தது, ஏன் வைத்தேனென்று தெரியாது.

தடுப்புக்குள் போனேன். நூலில் கட்டிய கட்டைப் பென்சில். சீட்டு நீளமாக இருந்தது. பென்சிலை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"இது தங்கச்சிக்கு" என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போல. பக்கத்துத் தடுப்புக்குள் நின்ற வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். நான் நன்றாக அழுத்திப் புள்ளடி போட்டேன்.